காட்டுக்குள் யார் நடக்கலாம்?

(பெங்களூரு அல்சூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தமிழ் வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் ஊட்டிக்குக் காரில் போயிருப்பீர்கள். குண்டுலுபேட்டையில் இறங்கி ஒரு காபி குடிக்கக்கூட நேரமில்லாமல், ஒன்பது மணிக்குள் பந்திப்பூர் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று வண்டியை விரட்டியிருப்பீர்கள். 2009-லிருந்து இரவு 9 முதல் காலை 6 வரை அந்தக் காட்டுச் சாலையில் போக முடியாது. ஆம்புலன்சுக்கும் ஒருசில பேருந்துகளுக்கும்தான் விலக்கு. பொதுச் சாலையை எப்படி அடைக்கலாம் என்று கோபப்பட்டவர்கள் நம்மிலும் உண்டு. எனக்கு அந்தக் கோபம் இல்லை. இரவில் மானும் யானையும் அந்தச் சாலையைக் கடக்கின்றன. நாம் இழப்பது ஒரு ராத்திரிப் பயணம், விடிந்தால் அதுவும் கிடைத்துவிடும். அந்தத் தடை நீடிக்க வேண்டும்.

ஆனால் எல்லாத் தடையும் இப்படி விடிந்தால் தீர்வதில்லை.

அமெரிக்காவில் 1964-ல் வனாந்தரச் சட்டம் வந்தது. மனிதன் அங்கே வந்து போகிறவன், தங்குகிறவன் இல்லை என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அப்படி அறிவித்த நிலத்தில் ரோடு போட முடியாது, எஞ்சின் வண்டி போகாது, சைக்கிளும் கூடாது. முதுகில் மூட்டையோடு நடந்து போகலாம், கூடாரம் அடித்துத் தங்கலாம். பொது நிலத்தை எங்களுக்குப் பூட்டிவிட்டார்கள் என்று சைக்கிள்காரர்களும் ஜீப் வைத்திருப்பவர்களும் இன்னும் வாதாடுகிறார்கள். நம் ஊரில் இது தலைகீழ். டிக்கெட் வாங்கினால் தேசியப் பூங்காவுக்குள் சஃபாரி ஜீப்பில் போகலாம், பெரும்பாலும் நடந்து போகக் கூடாது. யானை நடமாடும் இடத்தில் நகரத்து ஆளை நடக்க விடக் கூடாதுதான், சரி. அங்கேயே பிறந்தவர்களை என்ன செய்வது?

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் பிலிகிரிரங்கன் மலை இருக்கிறது. சோளகர் என்ற பழங்குடி மக்கள் வாழும் மலை. அந்தப் பக்கம் சத்தியமங்கலத்திலும் அதே மக்கள்தான், நடுவில் மாநில எல்லை. 1974-ல் பிலிகிரிரங்கன் மலை சரணாலயமானது. காட்டுக்குள் சிதறி இருந்த குடியிருப்புகளை ஓரிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மலையில் பயிர் செய்வது நின்றது. சருகு எரியும் அளவுக்கு மெல்லிய தீ வைப்பார்கள், அதுவும் நின்றது. 2002-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள், அப்புறம் தேன், நெல்லிக்காய், கல்பாசி எடுத்து விற்கவும் தடை வந்தது. இன்று அந்தக் காட்டில் உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடக்கிறது. அந்தச் சின்னத் தீயை நிறுத்தியதால்தான் இது பரவியது என்கிறார்கள் சோளகர் பெரியவர்கள். அங்கே வேலை செய்த ஆய்வாளர்களும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். காட்டைக் காப்பாற்றப் போட்ட தடையில் காட்டை அறிந்தவர்களே வெளியே போனார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

2011 தொடக்கத்தில் அந்தக் காடு புலிகள் காப்பகமானது. 2006-ன் வன உரிமைச் சட்டத்தை வைத்துப் போராடி, அதே ஆண்டில் சோளகர் கிராம சபைகள் சமூக வன உரிமை, அதாவது ஊரே சேர்ந்து காட்டைப் பயன்படுத்தும் உரிமை, வாங்கின. நாட்டில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் முறை. புலி வேண்டுமா மனிதன் வேண்டுமா என்று மேடைகளில் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியே தப்பு என்று நான் சொல்வதற்கு இந்த மலைதான் காரணம்.

சரி, நம் வாசலுக்கு வருவோம். பெங்களூரை ஒட்டிய ஹெசரகட்டா புல்வெளி, 5,000 ஏக்கருக்கு மேல். அதை வனவிலங்குப் பாதுகாப்பு ஒதுக்கிடமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவிக்கும் திட்டத்தை மாநில வனவிலங்கு வாரியம் 2021-ல் நிராகரித்தது, 2024-ல் ஏற்றுக்கொண்டது. மேய்ச்சல் போய்விடுமோ என்று சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பயப்பட்டார்கள், நியாயமான பயம். ஆனால் இந்த வகை தேசியப் பூங்கா மாதிரி இல்லை. அரசு நிலத்தில் மட்டும்தான் அறிவிக்க முடியும், முன்னதாக உள்ளூர் மக்களிடம் கலந்து பேச வேண்டும். சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி கேட்கும் விதி இதற்குப் பொருந்தாது. ஆலோசனைக் குழுவில் ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் ஒருவர், கால்நடைத் துறையிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். அந்தக் குழு ஆலோசனைதான் சொல்ல முடியும், முடிவெடுக்க முடியாது. இதை மாற்ற வேண்டும் என்பது என் கோரிக்கை.

கூட்டம் தொடங்கும் முன் ஓர் அம்மா கேட்டார், இனிமேல் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போக முடியாதா என்று. தாராளமாகக் கூட்டிப் போங்கள் அம்மா. காரைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடங்கள். வானம்பாடி அங்கே தரையில்தான் முட்டையிடுகிறது.