ஒரு கதையை மூன்றாக வெட்டினால்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு வீடியோ கேமை முழு விலை கொடுத்து வாங்கி விளையாடி முடிக்கிறோம். சில வாரங்கள் கழித்து, அதே கேமுக்குக் கூடுதல் கதை வந்திருக்கிறது, தனியாகக் காசு கட்டி இறக்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். டிஎல்சி என்று இதைச் சொல்வார்கள். நல்ல டிஎல்சிகள் இருக்கின்றன, காசுக்குத் தகுந்தவை. இன்று நான் பேச வந்தது என்னை மிகவும் ஏமாற்றிய ஒன்றைப் பற்றி. இன்சோம்னியாக் நிறுவனம் பிளேஸ்டேஷன் 4-க்காக உருவாக்கிய ஸ்பைடர்மேன் கேமுக்கு 2018 இறுதியில் வந்த மூன்று அத்தியாயங்கள் அவை. விளையாடாதவர்கள் மன்னிக்கவும், கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது.

முதலில் மூல கேமின் முடிவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்றம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நியூயார்க் நகரமே கொள்ளைநோயில் கிடக்கிறது. பீட்டர் பார்க்கரைப் பிள்ளையாக வளர்த்த பெரியம்மா மே, படுக்கையில் சாகக் கிடக்கிறார். பீட்டர் கையில் மருந்து இருக்கிறது, ஆனால் மிகக் கொஞ்சம். அதைப் பெரியம்மாவுக்குக் கொடுத்தால் அவர் பிழைப்பார், ஊருக்கு மருந்து தயாரிக்க வழியில்லாமல் போகும். ஊசியைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைக்கிறான். நீதான் ஸ்பைடர்மேன் என்று எனக்கு எப்போதோ தெரியும் என்கிறார் மே. ஒரு சூப்பர்ஹீரோ கேம் இவ்வளவு தூரம் போகும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. கண்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்படி முடிந்த கதைக்குத் தொடர்ச்சி என்றால் நமக்கு என்ன ஆசை இருக்கும்? இந்தப் பையன் இனி எப்படி வாழ்கிறான் என்று பார்க்கத்தான். ஆனால் 'தி சிட்டி தட் நெவர் ஸ்லீப்ஸ்' என்ற பொதுப்பெயரில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று மாதத்துக்கு ஒன்றாக வந்த அத்தியாயங்களில், மேயின் இழப்பு பேச்சோடு பேச்சாக வந்து போகிறதே தவிர, கதையை நகர்த்தவே இல்லை. அப்போது தனித்தனியாக 10 டாலர், மூன்றும் சேர்த்து 25 டாலர். மூல கேம் அப்போது 60 டாலர். விலையைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மணி நேரம்தான் என்பதும் குறையில்லை. சின்னக் கதை நல்ல கதையாக இருக்கலாமே.

குறை வேறு இடத்தில். ஒரே கதையை மூன்று துண்டாக வெட்டியதில், எந்தத் துண்டுக்கும் தன்னளவில் ஒரு முடிவு இல்லாமல் போய்விட்டது.

முதல் அத்தியாயத்தில் பீட்டரின் பழைய காதலி ஃபெலிசியா வருகிறாள், பிளாக் கேட் என்ற பெயரில் திருடுபவள். என் மகனை ஹேமர்ஹெட் என்ற தாதா பிடித்து வைத்திருக்கிறான், உதவி செய் என்கிறாள். அந்தக் குழந்தை தன்னுடையதோ என்ற கேள்வி பீட்டரைக் குடைகிறது. இப்போது அவன் தன் காதலி மேரி ஜேனோடு சேர்ந்திருக்கிறான் வேறு. எவ்வளவு நல்ல முடிச்சு! கடைசியில் குழந்தையே இல்லை, எல்லாம் பொய் என்று தெரிகிறது. சரி, அதுவும் நல்ல திருப்பம்தான். அந்தப் பொய்க்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது அவள் வீடு வெடிக்கிறது. அத்தியாயம் முடிந்தது, அடுத்த மாதம் வாருங்கள். அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்பது மூன்றாவதில் தெரிகிறது. ஆனால் இருவரும் அந்தப் பொய்யைப் பற்றி நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் காட்சி வரவே இல்லை.

யூரி வட்டானபேக்கு நடந்ததுதான் எனக்கு அதைவிட வருத்தம். அவர் காவல்துறை அதிகாரி, மூல கேம் முழுக்க பீட்டருக்குத் தொலைபேசியில் துணை. பீட்டர் 'ஸ்பைடர் காப்' என்று போலீஸ்காரர் குரலில் கேலி பேசுவதும், அவர் அதைச் சகிக்காமல் சகித்துக்கொள்வதும் அந்த கேமின் இனிமையான பகுதி. இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே ஹேமர்ஹெட் விரித்த வலையில் அவருடைய ஆட்கள் செத்து விழுகிறார்கள். அதன் பிறகு யூரி மெல்ல மெல்லச் சட்டத்தை விட்டு விலகுகிறார். கடைசியில் ஹேமர்ஹெட்டைத் தலையில் சுட்டே விடுகிறார். மொத்தத் தொகுப்பிலும் உண்மையான மாற்றம் அடையும் ஒரே பாத்திரம் இவர்தான். அந்த மாற்றத்தின் மிச்சத்தை மூன்றாம் அத்தியாயம் எங்கே வைத்திருக்கிறது தெரியுமா? குற்றம் நடந்த இடங்களில் தேடிப் பொறுக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில். தேடாமல் போனவர்களுக்கு யூரி என்ன ஆனார் என்பதே தெரியாது. முதன்மைக் கதையோ இயந்திர உடம்போடு திரும்பி வரும் ஹேமர்ஹெட்டை அடித்து வீழ்த்துவதிலேயே தீர்ந்துபோகிறது.

இடையில் விளையாட என்ன இருக்கிறது என்றால், அதே மன்ஹாட்டன்தான், புதிதாக ஒரு தெருகூடக் கிடையாது. எதிரி முகாம்களில் அலை அலையாக ஆட்கள், பெரிய துப்பாக்கியோடு தடித்த உடம்புகள். அப்புறம் ஸ்க்ரூபால். நேரலைப் புகழுக்காகக் குற்றம் செய்யும் பெண் இவள். மூன்று அத்தியாயத்திலும் இவளுடைய சவால்கள் உண்டு. கூரை கூரையாகத் தாவிக்கொண்டிருக்கும்போதே அவள் கேமராவுக்குப் போஸ் கொடுத்துப் புள்ளி சேர்க்க வேண்டும், காதில் அவள் குரல் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். புதிய உடைகள் அத்தியாயத்துக்கு மூன்று. பார்க்க அழகானவை, ஆனால் மூல கேமின் உடைகளைப் போலத் தனிச்சக்தி எதுவும் அவற்றோடு வரவில்லை.

இதே ஆட்களால் நல்ல கதை சொல்ல முடியும் என்பதற்கு முதல் அத்தியாயத்திலேயே சாட்சி இருக்கிறது. வயதான ஒரு துப்பறிவாளர், திருட்டுப்போன ஓவியங்களைக் கண்டுபிடித்துத் தரச் சொல்கிறார். பொருள் பொறுக்கும் வேலைதானே என்று அசட்டையாகத் தொடங்குவோம். ஒவ்வொரு ஓவியத்துக்கும் அவர் ஒரு பழைய கதை சொல்கிறார், அந்தக் காலத்துப் பெரிய திருடன் ஒருவனைப் பற்றி. எல்லாம் சேர்ந்த பிறகுதான், பேசிக்கொண்டிருந்த கிழவரே அந்தத் திருடன், ஃபெலிசியாவின் அப்பா வால்டர் ஹார்டி என்று தெரிகிறது. தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, மனதில் நிற்கிறது. இதைப் பக்கவேலையாக ஓரத்தில் வைத்துவிட்டார்கள்.

பெரிய பாத்திரங்களை அடுத்த கேமுக்குப் பத்திரப்படுத்த வேண்டியிருந்ததால்தான் இங்கே எதுவும் முடியவில்லை என்று நினைக்கிறேன். 2020-ல் வந்த மைல்ஸ் மொரேல்ஸ் கேம் இதற்கு நல்ல மாற்று. அளவில் சின்னது, தனி விலை, ஆனால் முழுக்கதை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தொடங்கி அங்கேயே முடிகிறது. டிஎல்சியில் பெரும்பாலும் தொலைபேசிக் குரலாகவே இருந்த மைல்ஸ் என்ற பையனுக்கு, இன்னொரு ஸ்பைடர்மேனுக்கு, அதில் நண்பர்கள், அம்மா, இழப்பு எல்லாம் கிடைத்தன.

யூரியை மறுபடி பார்க்க 2023 வரை, ஸ்பைடர்மேன் 2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரெய்த் என்ற பெயரில், முகமூடியோடு வந்தார். ஆசையாகப் போனேன். அதுவும் பக்கக்கதைதான். அவரும் பீட்டரும் சேர்ந்து துரத்திய கிளீட்டஸ் காசடி என்ற குற்றவாளி தப்பி ஓடுவதோடு அது நிற்கிறது, மிச்சம் அப்புறம் என்பதுபோல. அந்த கேமுக்குக் கதை டிஎல்சி எதுவும் வரவில்லை.

நன்றி, வணக்கம்.