மதுரை பஸ்ஸின் பக்கவாட்டில் எத்தனை பெயர்கள்!

[காட்சி: பெரியார் பேருந்து நிலையம், காலை நேர நெரிசல்]

மதுரையில் எழுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது பழைய டவுன் பஸ்ஸைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "டி.வி.எஸ். வண்டி வந்தா கடிகாரத்தைத் திருத்தி வச்சுக்கலாம்" என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் ஊரே சொல்லும் மிகை.

[காட்சி: பழைய புகைப்படங்கள்]

டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் விட்டார். அன்றைய சாலை மாட்டு வண்டிகளுக்கானது. மாடுகளின் லாட ஆணிகள் விழுந்து கிடக்கும். டயருக்கு அதுதான் எமன். காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி அந்த ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்று சொல்வார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது, பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. அப்போது டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன்களைச் செய்தது. கலனில் அடுப்புக்கரியைப் போட்டு மூட்டி, அதில் வரும் வாயுவை இன்ஜினுக்கு அனுப்புவார்கள். பெட்ரோல் வண்டி மாதிரி சாவியைத் திருப்பியதும் கிளம்பாது. முதலில் கரி கனன்று வாயு வர வேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். இழுவையும் குறைவு. ஆனாலும் வண்டி ஓடியது.

[காட்சி: ஆட்சி மாற்றம், செய்தித்தாள் துணுக்குகள்]

சரி, அப்படிப்பட்ட பஸ் ஏன் கை மாறியது? மு.கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது 1971-இல் ஒரு சட்டம் வந்தது. பெரிய பஸ் முதலாளிகளின் வண்டிகளை அரசே எடுத்துக்கொள்ளலாம் என்றது. 1972-இல் மதுரையில் 'பாண்டியன்' என்ற அரசுப் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. கோவைப் பக்கம் 'சேரன்', சென்னையில் 'பல்லவன்'. பிறகு நெல்லைக்குக் 'கட்டபொம்மன்', திண்டுக்கல்லுக்கு 'ராணி மங்கம்மாள்'. வரலாற்றுப் பாடமே சக்கரம் கட்டிக்கொண்டு ஓடிய காலம் அது.

பெயரே வினையானதும் உண்டு. 1997-இல் விருதுநகரை மையமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதியும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவருமான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். அதற்கு எழுந்த எதிர்ப்பை ஒட்டித் தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் வெடித்தது. அரசு அந்த ஒரு பெயரை மட்டும் எடுக்கவில்லை. எல்லாக் கழகங்களின் பெயர்களையும், மாவட்டங்களுக்கு வைத்த தலைவர்களின் பெயர்களையும் சேர்த்தே எடுத்துவிட்டது. பாண்டியனும் போனார். பக்கவாட்டில் 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' வந்தது. அரசின் கோணத்தில் பார்த்தால் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் 'பாண்டியன் பஸ்' என்று பழகிய நாக்கு அரசாணைக்கெல்லாம் உடனே திரும்புமா?

[காட்சி: டவுன் பஸ்ஸுக்குள், கண்டக்டரின் கை]

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. காசு வாங்காவிட்டாலும் கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். அந்தச் செலவை அரசு கழகத்துக்கு ஈடுகட்டுகிறது, அதனால் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கு வேண்டும். பூக்கூடையோடு ஏறும் அக்கா அந்தச் சீட்டை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, "தம்பி, கொஞ்சம் தள்ளிக்க" என்று ஜன்னலோரம் உட்காருகிறார்.