அச்சின் ஓரத்தில் யார் பெயர்?

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, கவின்கலைக் கல்லூரி முதல்வர் அவர்களே, அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலக அலுவலர் அவர்களே, அச்சக உரிமையாளர் சங்கப் பெரியவர்களே, எனக்கு முன் பேசி என் பேச்சில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, பொன்னாடை போர்த்திய அன்பர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் பற்றி நான்கு செய்திகள் சொல்வதாக இருக்கிறேன். அவர் அச்சடித்த முறை, சூப் டப்பா விற்ற கதை, அவர் எடுத்த திரைப்படங்கள், இன்றும் குறையாத அவருடைய செல்வாக்கு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பழமொழி: "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே." இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1962 ஆகஸ்டில் ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ இறந்தார். 1953இல் வந்த 'நயாகரா' படத்துக்கு எடுத்த விளம்பரப் புகைப்படம் ஒன்றை வார்ஹோல் எடுத்துக்கொண்டார். முகமும் கழுத்தும் மட்டும் நிற்கும்படி வெட்டி, இடைப்பட்ட சாயல்களைக் குறைத்து, கறுப்பு தூக்கலாகத் தெரியும் பிலிம் பாசிட்டிவ், அதாவது ஒளி ஊடுருவும் தாளில் கறுப்பு உருவம், செய்தாயிற்று. சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய துணியில் (அதுதான் ஸ்கிரீன்) எமல்ஷன் என்னும் ஒளி உணரும் பசையைப் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே பிலிமை வைத்து வெளிச்சம் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து மைக்கு வழிவிடும். வெளிச்சம் குறைந்தால் கழுவும்போது விளிம்பெல்லாம் பிய்ந்து வரும். கூடினால் இமைமயிர் போன்ற மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்ளும்.

கறுப்பை அடித்துவிட்டு அதற்குள் வண்ணம் நிரப்பினார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். முடிக்கு மஞ்சள், இமைக்கு நீலம், உதட்டுக்குச் சிவப்பு என்று முதலில் கையால் தீட்டினார்; அது காய்ந்த பிறகே ஸ்கிரீனை வைத்துக் கறுப்பை இழுத்தார். சட்டம் இம்மி நகர்ந்தாலும் உதட்டுச் சாயம் வாய்க்கு வெளியே போய்விடும். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள மர்லின் இரட்டைப் பலகையில் ஐம்பது முகங்கள்: இடப்பக்கம் 25 வண்ணத்தில், வலப்பக்கம் 25 கறுப்பு வெள்ளையில். வலப்பக்கத்தில் சில முகங்கள் மை அப்பிக் கிடக்கின்றன, சில வெளிறி மறைகின்றன. ஸ்கிரீனில் மை தேங்கினால் அப்பும். மை தீர்ந்தாலோ துணிக்கண்ணில் காய்ந்து அடைத்தாலோ வெளிறும். எந்த அச்சகத்திலும் இதைக் கழிவுத்தாள் என்று ஒதுக்குவார்கள். வார்ஹோல் அப்படியே விட்டார். நட்சத்திரம் மங்கும் காட்சி அதில் இருந்தது.

இப்போது சூப். 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபெரஸ் கேலரியில் கேம்ப்பெல் என்ற நிறுவனத்தின் சூப் டப்பாக்களை வார்ஹோல் வரைந்த 32 ஓவியங்கள் வைத்தார்கள். (இவை ஸ்கிரீன் அச்சு அல்ல, கையால் தீட்டியவை. தேர்வில் மாற்றி எழுதிவிடாதீர்கள்!) கடைத் தட்டில் வைப்பது போலச் சுவரோரம் பலகை அடித்து வரிசையாக நிறுத்தினார்கள். ஒன்று நூறு டாலர். பக்கத்துக் கேலரிக்காரர் விடுவாரா? அசல் சூப் டப்பாக்களை வாங்கி ஜன்னலில் அடுக்கி, "எங்களிடம் மலிவு" என்கிற தொனியில் விலை அட்டை மாட்டினார். ஊரே சிரித்தது. ஐந்தே ஐந்து ஓவியங்களுக்குத்தான் ஆள் வந்தது, அதில் ஒருவர் நடிகர் டென்னிஸ் ஹாப்பர். கேலரி நடத்திய இர்விங் ப்ளம் என்ன செய்தார்? அந்த ஐந்தையும் கேட்டுத் திரும்ப வாங்கி, 32ஐயும் ஒரே தொகுதியாகத் தானே எடுத்துக்கொண்டார். விலை ஆயிரம் டாலர், மாதம் நூறாகப் பத்துத் தவணை! நம் ஊரில் மிக்சி வாங்குகிற மாதிரி. 1996இல் அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனபோது பேசப்பட்ட தொகை கோடிக்கணக்கான டாலர்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். திரைப்படங்களைப் பேராசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு நெய்க்கு வருகிறேன்.

1964இல் வார்ஹோல் அச்சடித்த 'மலர்கள்' வரிசைக்கு மூலம், பட்ரீஷியா கால்ஃபீல்டு எடுத்து ஒரு புகைப்பட இதழில் வெளியான செம்பருத்திப் படம். அனுமதி கேட்கவில்லை. அவர் 1966இல் வழக்குப் போட்டார், சமரசத்தில் முடிந்தது. புகைப்படக் கலைஞர் லின் கோல்டுஸ்மித் 1981இல் பாடகர் பிரின்ஸைப் படமெடுத்தார். 1984இல் வார்ஹோல் அதை வைத்து ஓவியம் செய்ய, ஒரே ஒரு முறை பயன்படுத்துவதற்கென்று வேனிட்டி ஃபேர் இதழ் அவருக்கு 400 டாலர் தந்தது; அவர் என்றால் கோல்டுஸ்மித். வார்ஹோல் அதிலிருந்து 16 படைப்புகள் செய்துவிட்டார். பிரின்ஸ் இறந்த 2016இல் அவற்றுள் ஒன்றை அட்டையில் போட வார்ஹோல் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கிடைத்தது. கோல்டுஸ்மித்துக்குக் காசும் இல்லை, பெயரும் இல்லை. ஊரார் வீட்டு நெய்யே! இது வழக்காகி, 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கோல்டுஸ்மித் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்த மர்லின் புகைப்படத்தை எடுத்தவர் ஜீன் கோர்ன்மன். இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1964இல் அச்சடித்த ஒரு மர்லின், 2022இல் 19.5 கோடி டாலருக்கு ஏலம் போனது. ஸ்டுடியோவில் வார்ஹோலோடு சேர்ந்து ஸ்க்வீஜி (மையைத் தள்ளும் ரப்பர் பட்டை) இழுத்த ஜெரார்டு மலாங்கா 1963இல் வாங்கிய கூலி மணிக்கு ஒன்றேகால் டாலர்.

செல்வாக்கைப் பற்றி ஒரே வரி: ஒரே முகத்தை நாலு கட்டத்தில் நாலு நிறத்தில் போட்ட பனியனை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். திருப்பூர் மேசைகளில் நடப்பதும் அதே எமல்ஷன், அதே ஸ்க்வீஜி வேலைதான். அங்கே இழுப்பவர் பெயரும் எங்கும் இல்லை.

நம் கல்யாணப் பத்திரிகையின் அடியில்கூட அச்சகத்தின் பெயர் இருக்கிறது. தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு சொல்கிறது. கண்காட்சிச் சுவரில் மாட்டும் அச்சுக்கு மட்டும் ஏன் ஓவியர் பெயரோடு நிறுத்துகிறோம்? கல்லூரி முதல்வர் அவர்களே, ஆண்டுக் கண்காட்சி அட்டையில் நான்கு வரி கேட்கிறோம்: ஓவியர், மூலப் புகைப்படம் எடுத்தவர், ஸ்கிரீன் தயாரித்தவர், அச்சிட்டவர். கூடவே எத்தனை பிரதி என்பதும் வேண்டும். கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அச்சகச் சங்கத்தார் முதலில் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.