எருக்குழிச் செடியும் உளுந்து விதையும்

நேயர்களுக்கு வணக்கம். உளுந்து என்றதும் உங்களுக்குப் பொங்கி நிற்கும் இட்லி மாவு நினைவுக்கு வரும். எனக்கு வரப்பில் குனிந்து காய் எண்ணிய நாட்கள்தான் நினைவுக்கு வரும். செடிக்கு எத்தனை கொத்து, கொத்துக்கு எத்தனை காய், காய்க்கு எத்தனை மணி? எண்ணி எண்ணியே முதுகு வளைந்தது.

புது உளுந்து ரகம் தேடும் வேலையில் நான் சேர்ந்த புதிது. சோதனை வயலின் ஓரத்தில் ஒரே ஒரு செடி புதராக விரிந்து, இலை தெரியாமல் காய்த்திருந்தது. தனிப் பையில் கட்டி, மனசுக்குள் பெயரும் வைத்துவிட்டேன். காவலுக்கு இருந்த பெரியவர் சிரித்தார். "தம்பி, அது பழைய எருக்குழி இருந்த இடம்." நான் கேட்கவில்லை. அடுத்த பட்டத்தில் விதைத்துப் பார்த்தால், பக்கத்து வரிசைக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை! எரு தந்த காயை விதை தந்ததாக நம்பியிருக்கிறேன்.

அதனால்தான் ஒரே விதையை ஒரே வயலில் மூன்று நான்கு இடத்தில் போட்டு, பக்கத்தில் தெரிந்த ரகத்தையும் போடுகிறோம். மண் தந்ததா, விதை தந்ததா? அந்தக் கேள்விதான். நூறு மணியின் எடை ஓரளவு விதை வழியே வரும், நம்பலாம். மகசூல் இருக்கிறதே, அது மழைக்கும் மண்ணுக்கும் ஆடுகிற ஆட்டம். மண் தந்ததா, விதை தந்ததா?

மஞ்சள் தேமல் நோயில் இதே ஏமாற்று தலைகீழாக வரும். பச்சையாக நிற்கிற செடி நோயைத் தாங்கியதா, இல்லை நோயைப் பரப்புகிற வெள்ளை ஈ அந்தப் பக்கம் வரவே இல்லையா? அதற்காகவே சில வரிசைக்கு ஒரு வரிசை, நோய்க்குச் சட்டென்று விழுகிற கோ 5 ரகத்தை விதைப்போம். மருந்தும் அடிக்க மாட்டோம். நோய்க்கு இலை போட்டு விருந்து வைப்பதுதான். பக்கத்து வரிசை மஞ்சளாகிப் போனபின்னும் பச்சையாக நின்றால் அதுதான் செடி. புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த வம்பன் 8 அப்படி நின்ற ரகம். காய்களும் ஒன்றாக முதிரும். மூன்று முறை பறிப்புக் கூலி கொடுக்காமல் செடியோடு பிடுங்கிவிடலாம்.

ஆனால் டெல்டாக்காரர்கள் கதை வேறு. நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்தைத் தூவிவிடுவார்கள். உழவில்லை, தனிப் பாசனமில்லை. அறுப்பு ஆட்களின் மிதியும் உண்டு. அங்கே பிழைக்கிறதா என்று அங்கேயே போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆடுதுறை 3 அந்த மண்ணில் பேரெடுத்தது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரமாயிற்று என்று விரல் காட்டுகிறார்கள். புது ரகத்துக்காக இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்ப்பதைச் சொல்ல வந்தேன்: உளுந்துப் பூ மலர்வதற்கு முன்பே தனக்குள் கருவுற்றுவிடும், அதனால் மொட்டிலேயே மாலையில் மகரந்தப்பையை எடுத்து, காலையில் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். பல உதிர்ந்துவிடும். ஆட்டும்போது எந்த உளுந்து மாவு அதிகம் காணும் என்பதையும் பேச நினைத்தேன். வீட்டில் கேட்கிற முதல் கேள்வி அதுதானே. நேரம் முடிந்தது. வணக்கம்.