ட்ரக் கேம்பருக்கு எந்த ஜெனரேட்டர்: உள்ளே பொருத்தியதா, கையில் தூக்குவதா?

[காட்சி: அரிசோனா, குவார்ட்ஸைட் பாலைவெளி. பிக்கப் ட்ரக் மேல் ஏற்றிய கேம்பர்]

வணக்கம். அமெரிக்காவில் ட்ரக் கேம்பர், அதாவது பிக்கப் ட்ரக்கின் பின்புறம் ஏற்றி வைக்கும் சின்ன தங்கும் அறை, வாங்குகிற பலரும் கேட்கிற கேள்வி இது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெயிலிலும் மழையிலும் ஒரு பொத்தானை அமுக்கினால் ஏசி ஓட வேண்டும், உள்ளே நாயை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பவர்களுக்குத்தான் உள்ளே பொருத்திய ஜெனரேட்டர். மற்றவர்களுக்குக் கையில் தூக்கும் சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் (மின்சாரத்தை எலக்ட்ரானிக்ஸ் மூலம் சீராக்கித் தரும் வகை) போதும்.

காரணம் எடை. ட்ரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், வண்டி எவ்வளவு சுமை தாங்கும் என்று எழுதியிருக்கும். கேம்பர், தண்ணீர், ஆட்கள், சாமான் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கேம்பர்களில் அடிக்கடி பார்க்கிற கம்மின்ஸ் ஓனான் 2,500 வாட் மாடல், புரோப்பேன் (சிலிண்டரில் வரும் எரிவாயு) மூலம் ஓடும் உள்ளே பொருத்தும் வகை, 50 கிலோவுக்கு மேல், தேவையில்லாத பயணத்திலும் கூடவே வரும். கையில் தூக்கும் ஹோண்டா இயு2200ஐ (EU2200i) சுமார் 21 கிலோதான், வேண்டாத சமயத்தில் வீட்டிலேயே வைத்துவிடலாம்.

[காட்சி: புரோப்பேன் சிலிண்டர்]

அப்புறம் எரிபொருள். 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4.7 கேலன் இருக்கும். முழு லோடில் ஓனான் மணிக்கு ஏறக்குறைய அரை கேலன் குடிப்பதால் ஒன்பது, பத்து மணி நேரத்தில் காலி, அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் அதே சிலிண்டரை நம்பித்தான் இருக்கின்றன. புரோப்பேன் கெட்டுப்போகாது என்பது மட்டும் உண்மையிலேயே பெரிய வசதி. ஹோண்டா ஓடுவது பெட்ரோலில், அதை மாதக்கணக்கில் டேங்கில் விட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும், அதோடு பெட்ரோல் கேனை எங்கே வைப்பது, வாசனை உள்ளே வராமல் எப்படிப் பார்ப்பது என்ற தலைவலியும் உண்டு.

இயு2200ஐ தொடர்ந்து தருவது 1,800 வாட். ஏசி ஓடும்போது அது போதும், ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அதனால் அந்தத் திடீர் இழுப்பைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற கருவியை ஏசியில் போட்டுக்கொள்ளுங்கள். மலையேறினால் 1,000 அடிக்குச் சுமார் 3.5 சதவீதம் சக்தி குறையும். கொலராடோவின் லெட்வில் 10,000 அடிக்கு மேல் என்பதால் அங்கே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்தக் குளிரில் ஏசி தேவைப்படாது என்றாலும் மைக்ரோவேவ் திணறும்.

பேட்டரி சார்ஜ் செய்வதற்கு மட்டும் என்றால் ஹோண்டாவின் 3.6 லிட்டர் டேங்க், கால் பங்கு லோடில், எட்டு மணி நேரம் வரும். சோலார் வைத்திருப்பவர்கள் மேகமூட்டமான நாட்களில்தான் இதைத் தொடவே செய்வார்கள்.

சத்தத்துக்கு வருவோம். தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக்கூடாது. கட்டட வேலைக்கு வாங்குகிற மலிவான திறந்த ஜெனரேட்டர் இதில் மாட்டிக்கொள்ளும், தயவுசெய்து அதை முகாமுக்குக் கொண்டுவராதீர்கள்.

[காட்சி: பிளக்]

இன்னொன்று, பலர் குழம்புகிற இடம். கையில் தூக்கும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்காது, கேம்பரின் சர்ஜ் ப்ரொடெக்டர் (தவறான மின்சாரத்தைத் தடுக்கும் காப்புக் கருவி) அதைக் கோளாறு என்று நினைத்து மின்சாரத்தை உள்ளே விடாது. ஜெனரேட்டர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள், நியூட்ரல்-எர்த் இணைப்பு பிளக் ஒன்றைக் காலியான சாக்கெட்டில் செருகினால் சரி.

எதை வாங்கினாலும் கேம்பருக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்யுங்கள். கையில் தூக்குவதாக இருந்தால், புகைக்குழாய் ஜன்னல் பக்கம் திரும்பாமல், காற்று போகும் திசையில், கேம்பரை விட்டுத் தள்ளி வையுங்கள்.