சோப்பு விற்றவர் போட்ட வரி

நண்பர்களே, வியாபாரி ஒருவர் பார்லிமென்டுக்குப் போனால் வியாபாரிகளுக்காகத்தான் பேசுவார் என்று நினைப்போம். டி.டி. கிருஷ்ணமாச்சாரி விஷயத்தில் அந்தக் கணக்கு தப்பிப்போனது.

1928ல் சென்னையில் கம்பெனி தொடங்கினார். லீவர் சோப்பு முதலான சரக்குகளைத் தென்னாட்டுக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும் ஏஜென்சி. 1937ல் சுயேச்சையாக ஜெயித்துச் சென்னை மாகாண சட்டசபைக்குப் போனார். அப்புறம் காங்கிரஸ், அரசியல் நிர்ணய சபை, 1952ல் லோக்சபா.

1948 நவம்பரில் அவர் நிர்ணய சபையில் பேசியதை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். அரசியல் சட்டத்தை எழுதிய வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்கா போய்விட்டார் என்று ஆள் கணக்கு எடுத்துவிட்டு, பாரம் எல்லாம் அம்பேத்கர் மேல் விழுந்தது என்றார். சரக்கு இருப்பு எடுத்துப் பழகியவரின் பேச்சு!

1956ல் நிதியமைச்சர். மறு வருஷமே, ஒருவரின் மொத்தச் சொத்து மதிப்பின் மேல் சொத்து வரி, அவர் செய்யும் செலவின் மேல் செலவு வரி இரண்டையும் கொண்டு வந்தார். கால்டர் என்ற கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞரின் யோசனை அது. வருமானத்தைக் கணக்குப் புத்தகத்தில் குறைத்துக் காட்டலாம். கட்டிய பங்களாவையும் செய்த கல்யாணத்தையும் எங்கே ஒளிப்பது? இந்தச் சூட்சுமம் கல்லாவில் உட்கார்ந்தவருக்குப் புரியாதா? முதலாளிகள் கொதித்தார்கள்.

அவரைக் கவிழ்த்ததோ வரி அல்ல, பங்குச் சந்தை. அரசின் ஆயுள் காப்பீட்டு நிறுவனமான எல்.ஐ.சி., முந்த்ரா என்ற தொழிலதிபரின் தள்ளாடிக்கொண்டிருந்த ஆறு கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. சபையில் அதைக் கிளப்பியவர் ஆளுங்கட்சிக்காரரே, நேருவின் மாப்பிள்ளை பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா பம்பாயில் பகிரங்கமாக விசாரித்தார். எனக்குத் தெரியாது, நிதித்துறைச் செயலாளர் செய்தது என்றார் டி.டி.கே. செயலாளர் செய்தாலும் பொறுப்பு அமைச்சருக்குத்தான் என்றார் சாக்ளா. என்னைக் கேட்டால், தெரியாது என்ற பதிலை டி.டி.கே. சொல்லியிருக்கவே கூடாது. முதலாளி என்பவர் குமாஸ்தாவைக் கைகாட்டலாமா? 1958 பிப்ரவரியில் ராஜினாமா. அந்தச் செயலாளர் எச்.எம். படேல், 1977ல் தாமே நிதியமைச்சரானார் என்பது வேறு கதை.

டி.டி.கே. 1962ல் திருச்செந்தூரிலிருந்து போட்டியின்றித் தேர்வாகி, 1963ல் பழைய நாற்காலிக்கே திரும்பினார். இடையில் செலவு வரியை எடுத்துவிட்டிருந்தார்கள். மனுஷர் விடவில்லை, 1964ல் மறுபடி போட்டார். 1965 கடைசியில் அவர் பதவி விலக, 1966ல் அது மறுபடி போயிற்று.