ஆறு மரமேறும் மாதங்கள்

வணக்கம் நேயர்களே.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சத்தம் மறக்காது. வெயில் நன்றாகக் காயும் நேரத்தில் பால்மரத்துக் காய் ‘டப்’பென்று வெடிக்கும். அடுத்த நொடி, கொட்டைகள் சருகின் மேல் சலசலவென்று விழும். ஓடிப்போய்ப் பொறுக்குவோம். சிமெண்டுத் தரையில் சூடு பறக்கத் தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துவிட்டு ஓடுவோம். பேராக் மாநிலத்தில் எங்கள் தோட்டத்து மரங்களைச் சீவித்தான் என் பாட்டி ஐந்து பிள்ளைகளை வளர்த்தார்.

அந்த மரம் நம் ஊர் மரம் இல்லை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் அதன் சொந்த ஊரில் காய் வெடித்தால் கொட்டை தண்ணீரில் விழும், அதைத் தின்னக் கீழே ஒரு மீன் காத்திருக்கும் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிய வந்தது. மரத்தடிக்கு மீன் எப்படி வந்தது? அதைப் பார்க்கத்தான் அமேசானுக்குப் போனேன்.

வரைபடத்தில் அமேசான் ஒரு நீலக் கோடு. பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் தொடங்கி, ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர் கிழக்கே ஓடி, பிரேசிலில் அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. நீளத்தில் நைல் பெரிதா, அமேசான் பெரிதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. தண்ணீரில் வாதத்துக்கே இடமில்லை. வினாடிக்குச் சராசரியாக 2,00,000 கன மீட்டருக்கும் மேல் கடலில் கொட்டுகிறது. உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலுக்குக் கொடுக்கும் நன்னீரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே ஆற்றுடையது. 1500ஆம் ஆண்டில் அந்தக் கடல் வழியாக வந்த ஸ்பெயின் மாலுமி பின்சோன், கரை கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே கடல்நீர் உப்புக் கரிக்காததைக் கண்டு அதற்கு ‘இனிப்புக் கடல்’ என்றே பெயர் வைத்தார்.

ஆனால் இந்த ஆற்றைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது வேறொரு எண். பெருவில் இக்கிடோஸ் என்று ஒரு நகரம். நாட்டின் மற்ற பெருநகரங்களிலிருந்து சாலை வழியாகப் போகவே முடியாது. படகில் போகலாம், விமானத்தில் போகலாம். அது கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கடலுக்கு இன்னும் 3,600 கிலோமீட்டர்! அவ்வளவு தூரத்துக்கு 100 மீட்டர்தான் இறக்கம். கிட்டத்தட்ட ஒரு தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி. மழைக்காலத்தில் மேலிருந்து வெள்ளம் வந்தால் அவசரமாக ஓடிவிட அதற்கு வழியில்லை. பக்கவாட்டில் காட்டுக்குள் பரவுகிறது. பிறகு உயர்கிறது. பிரேசிலின் மனாவுஸ் நகரத்தில் ஆண்டுதோறும் சராசரியாகப் பத்து மீட்டர் உயர்ந்து தாழ்கிறது. மூன்று மாடி உயரம். ஜூனில் உச்சம், அக்டோபர் நவம்பரில் அடிமட்டம்.

நம் ஊரில் இதற்குப் பெயர் பேரிடர். அங்கே இது பருவம். காட்டுக்குள் தண்ணீர் பல மாதங்கள் நிற்கிறது, மரங்கள் அழுகுவதில்லை. வேர் மூச்சுவிட முடியாத அந்தக் காலத்தைத் தாங்கிக்கொள்ளப் பழகிய மரங்கள் அவை. பல மரங்கள் அந்த நேரம் பார்த்தே காய்த்துப் பழுக்கின்றன.

சரி, பயணத்துக்கு வருகிறேன். கழிமுகப் பக்கத்தில் இருக்கும் பெலெம் நகரத்தில் படகேறி, ஆற்றை எதிர்த்து மனாவுஸ் வரை போனேன். 1,600 கிலோமீட்டர், ஆறு நாள். இரும்பாலான மூன்றடுக்குப் படகு. அறைகள் சிலதான். மற்றவர்கள் எல்லாரும் தளத்தில் தூளி மாதிரியான துணிப் படுக்கையைக் கட்டிக்கொண்டு படுக்கிறார்கள். அதை நாம்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். பெலெம் சந்தையில் விதவிதமாகக் கிடைக்கிறது. இயந்திரத்துக்கும் கழிப்பறைக்கும் தூரமாக இடம் பிடிக்க, புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்னாலேயே போய்விடுவது நல்லது. அதில் நேராகப் படுத்தால் முதுகு வளைந்துவிடும், குறுக்காகப் படுக்க வேண்டும். இதைப் பக்கத்துத் தூளியிலிருந்த ஓர் அம்மா கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். அவர் பேசியது போர்த்துகீசியம். எனக்கு அதில் நாலு சொல் கூடத் தெரியாது. ஆறு நாளும் அவர்தான் எனக்குத் துணை.

எதிர்நீச்சல் போடும் படகுகள் கரையை ஒட்டித்தான் போகும், அங்கேதான் இழுப்பு குறைவு. அதனால் கரையோர வாழ்க்கை கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. கால் நட்டு உயர்த்திய மரவீடுகள். வாசலில் முற்றம் கிடையாது, ஒரு சிறு ஓடம் கட்டியிருக்கும். பள்ளிக்கூடத்துக்கும் படகுதான். மராஜோ தீவை ஒட்டிய குறுகிய கால்வாய்களில் பையன்கள் ஓடத்தைத் துடுப்புப் போட்டு ஓட்டி வந்து, ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் படகில் கொக்கி மாட்டி ஏறினார்கள், இறால் விற்க. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஒரு பிடி தவறினால் ஓடம் கவிழும்.

அந்த மராஜோ தீவு ஆற்றின் வாயில் இருக்கிறது, கிட்டத்தட்ட சுவிட்சர்லாந்து அளவு. அங்கே ஆசியாவிலிருந்து போன எருமைகள் ஏராளம். காவலர்கள் எருமை மேலேறி ரோந்து போகிறார்கள்.

சாப்பாட்டில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்று இருந்தது. மரவள்ளிக்கிழங்கு. அங்கே அதை வறுத்துப் பெரிய ரவை மாதிரி ஆக்கி, எதைத் தின்றாலும் மேலே தூவிக்கொள்கிறார்கள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட போர்க்காலத்தில் எங்கள் தோட்டங்களில் உயிர் பிடித்து வைத்த கிழங்கு அது. தென்னமெரிக்காவின் பூர்வகுடிகள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கியது.

மனாவுஸை நெருங்கும்போது எல்லாரும் படகின் ஒரு பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். கறுப்புத் தேயிலைச் சாயம் மாதிரி நெக்ரோ ஆறும், பால் கலந்த தேநீர் மாதிரி சொலிமோயிஸ் ஆறும் (மனாவுஸுக்கு மேலே அமேசானுக்கு அங்கே அதுதான் பெயர்) அங்கே சந்திக்கின்றன. சந்தித்த பிறகும் கலக்காமல் ஆறு கிலோமீட்டர் போல ஒன்றையொன்று ஒட்டியபடியே ஓடுகின்றன. நெக்ரோ வெதுவெதுப்பான, மெதுவான ஆறு. சொலிமோயிஸ் குளிர்ந்தது, வேகமானது, ஆண்டீஸ் மலையின் வண்டலைச் சுமந்து வருவது. காட்டுச் சருகின் சாறு ஊறிய கறுப்புத் தண்ணீரில் அமிலம் அதிகம், சத்துக் குறைவு. அதனால் கொசுவும் குறைவு. வண்டல் தண்ணீர் போகும் இடத்தில்தான் மீன் கொழுக்கிறது, பயிர் விளைகிறது, கொசுவும் மொய்க்கிறது. மூன்றாவதாகப் பளிங்குத் தண்ணீர் ஆறுகளும் உண்டு, தபஜோஸ் மாதிரி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரிய படகிலிருந்து விலங்குகளைப் பார்க்கலாம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ஆறு அவ்வளவு அகலம். சிறு ஓடத்தில் ஏறி, காட்டுக்குள் போக வேண்டும். நான் மேலும் மேற்கே தெஃபே என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து மமிராவா காப்புக்காட்டுக்குப் போனேன். அது மே மாதம். தண்ணீர் ஏறி நின்றது.

ஓடக்காரர் வயதான மீனவர். பெரிய ஆற்றிலிருந்து ஓடத்தைத் திருப்பி நேராக மரங்களுக்குள் விட்டார். பாதை என்று ஒன்றும் இல்லை. நடுமரத்துக் கிளைகள் என் முகத்துக்கு நேரே வந்தன. பறவைக் கூடுகள் கையெட்டும் உயரத்தில். கீழே பத்து மீட்டர் ஆழம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், மரத்தில் பாதி உயரத்தில் நாம் மிதக்கிறோம். வறண்ட காலத்தில் வந்தால், இதே இடத்தில் மண்ணில் நடந்தபடி, அடிமரத்தில் தலைக்கு மேலே தண்ணீர் விட்டுப்போன கோட்டை அண்ணாந்து பார்க்கலாம்.

அங்கே எல்லா உயிரும் இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தன்னைப் பொருத்திக்கொண்டிருக்கிறது. ஜாகுவார் சிறுத்தைகள் வெள்ளம் வடியும் வரை மாதக்கணக்கில் மரத்திலேயே வாழ்கின்றன, குட்டியும் அங்கேயே. ஹோட்சின் என்ற பறவையின் குஞ்சுக்கு இறக்கையில் நகம் உண்டு. ஆபத்து வந்தால் கூட்டிலிருந்து தண்ணீரில் குதிக்கும், பிறகு நகத்தால் பற்றி மரமேறிவிடும். இளஞ்சிவப்பு டால்பினை அங்கே போத்து என்கிறார்கள். கடல் டால்பின்கள் பலவற்றுக்குக் கழுத்தெலும்புகள் ஒட்டியிருக்கும். போத்துக்கு அவை தனித்தனி. தலையைத் திருப்பித் திருப்பி மரங்களுக்கு நடுவே வளைந்து போகிறது. ஜூன் மாதத் திருவிழா இரவுகளில் அது வெள்ளை உடை போட்ட அழகனாக மாறி ஊருக்குள் வரும், தலையில் இருக்கும் மூச்சுத் துளையை மறைக்கத் தொப்பியைக் கழற்றவே கழற்றாது என்பது கரையோரக் கதை.

இனி அந்த மீன். பெயர் தம்பாக்கி. வட்டமான, கனத்த உடம்பு, முப்பது கிலோ வரை வளரும். கூரிய பல்லுள்ள பிரான்யா மீனுக்கு உறவு. ஆனால் இதன் பல் நம் கடைவாய்ப் பல் மாதிரி, கொட்டை உடைக்கவே அமைந்தது. வெள்ளக் காலத்தில் காட்டுக்குள் வந்து, பழமும் கொட்டையும் தின்றே கொழுக்கிறது. சில விதைகளை உடைத்துத் தின்றுவிடும், பல விதைகளை முழுசாக விழுங்கித் தொலைதூரத்தில் போய்க் கழிக்கும். அங்கே வெள்ளம் வடிந்ததும் அது முளைக்கும். ஒரு காட்டை மீன்கள் சேர்ந்து விதைக்கின்றன! ரப்பர் மரம் அதற்கு மிகவும் பிடித்த மரம். மீனவர்களுக்கு இது தெரியும். தூண்டிக் கயிற்றில் உருண்டையான ஒரு கனத்தைக் கட்டித் தண்ணீரில் ‘தொப்’, ‘தொப்’பென்று தட்டுவார்கள். பழம் விழுகிறது என்று நினைத்துத் தம்பாக்கி வரும்.

ஓடக்காரர் ஒரு மரத்தடியில் துடுப்பை நிறுத்தினார். ரப்பர் மரத்தின் நெருங்கிய உறவு மரம் அது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மேலே ‘டப்’. எங்கள் தோட்டத்துச் சத்தமேதான். ஆனால் அடுத்து வர வேண்டிய சருகுச் சத்தம் வரவில்லை. ‘ப்ளக்’, ‘ப்ளக்’ என்று தண்ணீர்ச் சத்தம். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து ஒரு சுழிப்பு. மீனை நான் பார்க்கவில்லை, அந்தச் சுழிப்பைத்தான் பார்த்தேன். எனக்குப் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் தபஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகள் இலங்கைக்குப் போயின. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் ஒன்பது எங்கள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பிறகு மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்கள் ஆயின, அவற்றுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் வந்தார்கள். அமேசான் பக்கத்திலும் கதை வேறில்லை. மனாவுஸில் 1896இல் திறந்த பளிங்கு நாடக அரங்கு இன்றும் ரப்பர்க் காசின் சாட்சியாக நிற்கிறது. அந்தக் காசுக்காகக் காட்டுக்குள் பால் எடுத்தவர்கள் முன்பணக் கடனிலேயே கிடந்தார்கள், பூர்வகுடிகள் பலர் அடிமைகளாக வதைபட்டார்கள். கங்காணியிடம் கடன் பட்டு வந்த நம்மவர்களும் கடலின் இந்தப் பக்கத்தில் அதே மரத்தைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மமிராவாவில் எனக்கு நிம்மதி தந்த விஷயம் பிராருக்கூ என்ற மீன். மூன்று மீட்டர் வரை வளரும், நுரையீரல் மாதிரி ஓர் உறுப்பால் மூச்சு விடும், அதனால் பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். பிடித்துப் பிடித்து அருகிப்போன மீன் இது. 1999 முதல் அங்குள்ள மீனவர்களே ஏரியில் உட்கார்ந்து, மேலே வந்து மூச்சு விடும் மீன்களைக் கண்ணாலும் காதாலும் எண்ணுகிறார்கள். எண்ணிய பெரிய மீன்களில் அதிகபட்சம் நூற்றுக்கு முப்பதைத்தான் பிடிக்க அனுமதி. மீன் திரும்பப் பெருகிவிட்டது. எந்த இயந்திரமும் இல்லாமல் ஒரு கூட்டத்துக் காது செய்த வேலை.

ஆனால் இந்த ஏற்ற இறக்கமே இப்போது தடம் மாறுகிறது. மனாவுஸ் துறைமுகத்தில் 1902 முதல் நீர்மட்டத்தைக் குறித்து வருகிறார்கள். 2021 ஜூனில் 30.02 மீட்டர், அதுவரை காணாத உயரம். 2023 அக்டோபரில் 12.70 மீட்டர், அதுவரை காணாத தாழ்வு. மறு ஆண்டே அதற்கும் கீழே போனது. பசிபிக் கடல் சூடேறும் எல் நீனோவும், சூடேறிய அட்லாண்டிக் கடலும், அவற்றுக்கு மேலே புவி வெப்பமும் சேர்ந்து மழையைக் குறைத்துவிட்டன. நான் மமிராவாவுக்குக் கிளம்பிய தெஃபே ஊரின் ஏரியில் 2023 செப்டம்பர் கடைசியில் தண்ணீர் 39 டிகிரிக்கும் மேல் கொதித்தது. சில நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்ட டால்பின்கள் செத்து மிதந்தன. படகு தரைதட்டியதால் கரையோர ஊர்களுக்குச் சோறும் குடிநீரும் போய்ச்சேரவில்லை. ஆறு இருந்த இடத்து மணலில் மக்கள் குடம் சுமந்து நடந்தார்கள். எனக்குத் தூளியில் படுக்கக் கற்றுக்கொடுத்த அம்மா அப்படிப்பட்ட ஓர் ஊர்க்காரர்தான்.

போக நினைக்கும் நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. வெள்ளக் காடு பார்க்க வேண்டுமானால் மே, ஜூன். ஆற்று மணல்கரைகளும் மீன் மொய்க்கும் ஏரிகளும் வேண்டுமானால் செப்டம்பர், அக்டோபர். ஆனால் இப்போதெல்லாம் படகு ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டுக்கொண்டு, அந்த அட்டையைக் கடவுச்சீட்டோடு வைத்திருங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். தூளி கட்டக் கயிறு கொஞ்சம் நீளமாகவே வாங்குங்கள். படகின் கம்பிகள் உயரத்தில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.